ஏழாம் இடத்துச் சனியும் எக்ஸ் குரோமோசோமும்

"சோதிடராவது பரிகாரம் சொன்னார், தம்பி. நீ அதுகூடச் சொல்லவில்லையே" என்று அக்கா சொல்லி நான்கு வருடம் ஆகிவிட்டது. முப்பத்து நான்கு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தியவன் நான். மெண்டலின் பட்டாணியையும் நிறக்குருட்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். சாதகக் கட்டம் எதையும் இதுவரை விரித்துப் பார்த்தவன் இல்லை. அப்படிப்பட்டவனை ஒரு சோதிடரோடு தராசில் நிறுத்தி, அவர் தட்டுத்தான் கனம் என்று அக்கா முடிவு கட்டினாள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, அவள் நிறுத்தது சரிதானோ என்ற உறுத்தல் தொடங்கியது. அது இன்னும் அடங்கவில்லை.

சங்கதி அக்காவின் கடைக்குட்டியைப் பற்றியது. மூன்று மகன்களில் மூன்றாவது. 2021 ஜூன் மாதம், இரண்டாவது அலை ஊரடங்கு. பெங்களூரு வேலையை மடிக்கணினியில் சுருட்டிக்கொண்டு கோவில்பட்டி வீட்டு மச்சில் உட்கார்ந்திருந்தான். வயது இருபத்தொன்பது. வருகிற வரன்களையெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தவன். அந்த வாரம்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவைப் பிறப்பித்திருந்தார். ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து வீட்டை விட்டு வெளியேறிச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு. தன்பாலை விரும்புவதைப் பற்றித் தனக்கே சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் நேரம் ஒதுக்கிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவர் எழுதிய உத்தரவு அது. செய்தி வந்த பத்திரிகையை நான்காக மடித்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, "நானும் இப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறான் சின்னவன். அக்கா முதலில் அவன் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்தாளாம்.

அடுத்த பத்து நாட்களில் அந்த வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. அத்தான் ஒரு கட்சி. எல்லாம் பெங்களூருச் சகவாசம், கல்யாணம் செய்து வைத்தால் தானாகத் தெளியும் என்பது அவர் கொள்கை. அக்கா இன்னொரு கட்சி; அவள் யாருக்கும் தெரியாமல் சாதகத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஏழாம் இடத்தில் சனி, களத்திர தோஷம், பையன் பிறக்கும்போதே விழுந்த அமைப்பு என்று சோதிடர் சொன்னார். ஊரடங்கு முடிந்ததும் திருமணஞ்சேரிக்குப் போய் மாலை சாற்றி வரச் சொன்னார். அதன்பிறகுதான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தாய்மாமன், அதிலும் விலங்கியல் ஆசிரியர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நான் குறிப்பேடு எடுத்துக்கொண்டு போனேன். இதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மையாகவே எடுத்துக்கொண்டுதான் போனேன்.

தாய்மாமன் வழி

அத்தானின் வாயை அடைப்பதுதான் என் நோக்கம். "இது எவரும் விரும்பித் தேர்ந்தெடுப்பது கிடையாது அத்தான், உயிரியல்" என்று ஆரம்பித்தேன். 1991இல் சைமன் லெவே என்ற நரம்பியல் ஆய்வாளர் இறந்தவர்களின் மூளைகள் நாற்பத்தொன்றை ஆராய்ந்து, ஆணை விரும்பும் ஆண்களுக்கு ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியில் ஒரு சிறு முடிச்சு அளவில் குறைந்திருக்கிறது என்று எழுதினார். அந்த ஆண்கள் எல்லோரும் எய்ட்ஸ் நோயில் இறந்தவர்கள் என்பதால் அந்த முடிவைப் பலர் ஐயப்பட்டார்கள். அதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்குப் பாதகமானதைத் தானே எடுத்துக் கொடுப்பாரா?

பிறகு இரட்டையருக்கு வந்தேன். அதே 1991இல் பெய்லி, பில்லார்ட் என்ற இருவர் செய்த ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவர் தன்பாலை விரும்புகிறவர் என்றால் மற்றவரும் அப்படியே இருந்தது 52 விழுக்காடு. இரு கரு இரட்டையரில் 22. தத்தெடுத்த சகோதரரில் 11. படிக்கட்டு மாதிரி அழகாக இறங்கும் எண்கள். கரும்பலகையில் எழுதினால் மாணவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் அதிலும் பாதிப் பேர் ஒத்துப்போகவில்லையே என்று அக்காவின் மூத்த மகன் கேட்டான். நல்ல கேள்வி. ஒரே மரபணுத் தொகுப்பு இருந்தும் பாதிப் பேருக்கு வேறு மாதிரி. ஒன்பது வருடம் கழித்து ஆஸ்திரேலிய இரட்டையர் பதிவேட்டிலிருந்து ஆட்களை எடுத்துச் செய்தபோது அந்த 52 ஏறத்தாழ 20க்கு இறங்கிவிட்டது. முதல் ஆய்வுக்கு விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்ததில் வந்த வீக்கம். அப்போதுதான் எனக்குக் கைரேகை நினைவுக்கு வந்தது. ஒரு கரு இரட்டையருக்கும் கைரேகை வேறு வேறாகத்தான் இருக்கும். அது வயிற்றுக்குள்ளேயே பதிந்துவிடுகிறது, யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஆனால் முழுக்க மரபணு எழுதியதும் கிடையாது. பிறவி என்பதும் மரபணு என்பதும் ஒன்றல்ல என்று விளக்கினேன். அத்தான் தன் கட்டைவிரலை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 1993 என்னை விடவில்லை. அந்த வருடம் அமெரிக்காவில் டீன் ஹேமர் என்பவர் எக்ஸ் குரோமோசோமின் நுனியில், எக்ஸ்கியூ28 என்ற இடத்தில், இந்த நாட்டத்துக்கான ஒரு தடயம் கிடைத்ததாக அறிவித்தார். இருவருமே ஆணை விரும்பும் நாற்பது சகோதர இணைகளில் முப்பத்து மூன்று இணைகள் அந்த இடத்தைப் பொதுவாகக் கொண்டிருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆன காலம். ஆங்கிலப் பத்திரிகையில் படித்துவிட்டு வகுப்பில் உற்சாகமாகச் சொன்னது நினைவிருக்கிறது. அந்த உற்சாகத்திலேயே அன்று அக்கா வீட்டிலும் சொன்னேன்: "ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. அதனால்தான் இது தாய்வழியில், குறிப்பாகத் தாய்மாமன்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஹேமர்..."

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. அத்தான் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மூத்தவன் பார்த்தான். அடுக்களைக்குள் அக்காவுக்குத் துணையாக வந்திருந்த என் மனைவி இருமினாள்; அது இருமலில்லை. எனக்குப் பின்னால் நின்ற சின்னவன்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தவன். பத்து நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு என்று பிறகு என் மகள் சொன்னாள். (அவளுக்கு இந்தச் செய்தி எட்டு வருடமாகத் தெரியும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முறைப்பெண் என்று ஊரே அவளைச் சுட்டிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அவன் அவளிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறான்.)

சிரிக்காதவள் அக்கா ஒருத்திதான்.

நான் இன்னும் பேசினேன். தடுமாறியவன் கூடுதலாகப் பேசுவான். தாய்மாமன் கணக்கிலிருந்து தப்பிக்க, அதைவிட உறுதியானது என்று நினைத்த ஒன்றை எடுத்தேன். கனடாவில் பிளான்சார்டும் போகார்ட்டும் 1996இல் சொன்னது: ஒருவனுக்கு அண்ணன்கள் கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடுகிறது, ஓர் அண்ணனுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கூடவே வளர்ந்த மாற்றாந்தாய் மகன்கள் கணக்கில் சேர்வதில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்த அண்ணன்கள் சேர்கிறார்கள். ஆகவே வளர்ப்பும் சகவாசமும் காரணமல்ல, அத்தான்! ஆண் கருவைச் சுமக்கும்போது தாயின் உடல் அதில் உள்ள ஓர் ஆண்புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது, அது ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் ஏறுகிறது என்பது ஊகம். 2017இல் அதற்கு ஒரு சிறு ஆதாரமும் வந்தது. முதல் மகனுக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மூன்றாவது மகனுக்கு மூன்றரை, அவ்வளவுதான். நூறு மூன்றாவது மகன்களில் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் பெண்ணைத்தான் விரும்புகிறார்கள்.

தொண்ணூற்றாறு பேரைப் பெற்றவளா அவள்? அவளிடம் இருந்தது ஒரு மூன்றாவது மகன்.

"அப்படியானால் என் வயிறுதான் அவனை இப்படி ஆக்கிவிட்டது என்கிறாய்" என்றாள். இல்லை என்றேன். "குரோமோசோமும் என்னுடையது, எதிர்ப்பொருளும் என்னுடையது. வேறு என்ன சொல்கிறாய்?" பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஊசி மருந்து எதுவும் இருக்கிறதா? பிறவிக் கோளாறுக்கெல்லாம் இப்போது வைத்தியம் வந்துவிட்டதே" என்றாள். வைத்தியம் கிடையாது, இது நோயே கிடையாது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1973லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றேன். "பிறந்தபோதே வந்தது என்று சோதிடரும் சொன்னார், நீயும் சொல்கிறாய். சோதிடராவது பரிகாரம் சொன்னார், தம்பி."

பரிகாரம் கேட்டவர்கள்

கெட்ட சகவாசம் என்பவர்களுக்கு எதிராக "பிறவி" என்ற சொல்லை ஒரு கேடயமாக நான் தூக்கிப் பிடித்திருந்தேன். அது அக்காவின் தலையில் போய் விழும் என்று எதிர்பார்க்கவில்லை. நம் வீடுகளில் பிறவி என்ற சொல்லுக்கு அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: யார் பக்கம்? பெண் பிறந்தாலும், பிள்ளையே பிறக்காவிட்டாலும், குழந்தைக்கு நிறம் குறைந்தாலும் கேட்கப்படுகிற அதே கேள்வி. விடையும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்பதைத் தீர்மானிப்பது ஆணின் விந்தணு என்று வருடாவருடம் நான் வகுப்பில் அழுத்திச் சொல்வதே இதற்காகத்தான். அதே வாயால் அக்காவுக்கு இதைச் செய்திருக்கிறேன்.

இந்தத் தவறை எனக்கு முன்னால் பெரிய மனிதர்களும் செய்திருக்கிறார்கள். பெர்லினில் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1897இல் ஒரு குழு அமைத்து, ஆணை விரும்பும் ஆண்களைச் சிறையில் தள்ளிய ஜெர்மன் சட்டத்தின் 175ஆம் பிரிவை நீக்கப் போராடினார். அவருடைய முதன்மையான வாதம், இது பிறவியிலேயே அமைவது, பிறவிக்குத் தண்டனை கொடுப்பது அநியாயம் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறவி என்றால் உடம்பில் எங்கோ இருக்க வேண்டும், உடம்பில் இருந்தால் அறுத்து மாற்றலாம் என்று வியன்னாவில் ஸ்டைனாக் என்ற உடலியலாளர் கிளம்பினார். எலிகளில் விரைகளை மாற்றி ஒட்டி வைத்துப் புகழ் பெற்றவர். பெண்ணை விரும்பும் ஆணின் விரைத் திசுவை எடுத்து மற்றவருக்கு வைத்தால் விருப்பம் மாறும் என்று சொல்லி மனிதர்களுக்கும் அறுவை செய்ய வைத்தார். ஹிர்ஷ்ஃபெல்டே அதைக் கொஞ்ச காலம் நம்பினார். எதுவும் மாறவில்லை. 1933 மே மாதம் நாஜிகள் ஹிர்ஷ்ஃபெல்டின் ஆய்வு நிலையத்தைச் சூறையாடி நூலகத்தைப் பொதுச் சதுக்கத்தில் எரித்தார்கள். பிறவி என்ற வாதம் அவர்களைத் தடுக்கவில்லை. பிறவியைக் காரணம் காட்டிக் கொல்வதுதான் அவர்களுடைய கொள்கையே. 1944இல் புகென்வால்ட் முகாமில் வேர்னெட் என்ற டென்மார்க் மருத்துவர் கைதிகளின் உடலுக்குள் ஹார்மோன் குளிகைகளைப் புதைத்தார். அக்கா கேட்ட ஊசி அது.

மறுபக்கத்துக்கும் குறைவில்லை. இது விருப்பத் தேர்வு என்றால் கல்யாணம் செய்து வைக்கலாம், அடிக்கலாம், அறிவுரை சொல்லலாம். அத்தான் வழி. ஒன்று ஊசி போடச் சொல்கிறது, மற்றொன்று தாலி கட்டச் சொல்கிறது. நம் ஊர்ச் சட்டத்திலும் "இயற்கை" இந்த இரண்டு வேடத்தையும் போட்டிருக்கிறது. 1862 முதல் நடப்பில் இருந்த 377ஆம் பிரிவு இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது என்று சொல்லித்தான் தண்டித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயது வந்தவர்கள் மனமொத்து நடந்துகொள்வதை அந்தப் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தபோது, இந்த நாட்டமும் இயற்கையானதே என்று எழுதினார்கள். தீர்ப்பைக் கொண்டாடினவன்தான் நான். ஆனாலும் ஒரு மனிதனை விட்டுவிட இயற்கையிடம் சான்றிதழ் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்ற சந்தேகம் அக்கா வீட்டிலிருந்து வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

மொட்டைமாடி

இரண்டு நாள் கழித்துச் சின்னவனைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்ல மாட்டேன். அன்று விட்டுப்போன ஒன்றைச் சொல்லி முடிக்கத்தான் போனேன். ஆசிரியர் புத்தி. 1999இல் கனடாவில் வேறொரு குழு ஐம்பத்திரண்டு சகோதர இணைகளை எடுத்துப் பார்த்தபோது ஹேமரின் எக்ஸ் குரோமோசோம் தடயம் கிடைக்கவில்லை. 2019இல் ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுத் தகவலை அலசிய ஆய்வு வந்தது. அதில் ஐந்து இடங்கள் மட்டும் தெளிவாகத் தட்டுப்பட்டன, ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. மரபணு வேறுபாடுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த நடத்தையில் காணும் வேறுபாட்டில் 8 முதல் 25 விழுக்காட்டைத்தான் விளக்க முடிகிறது, ஒரு தனிமனிதரைப் பற்றி அவற்றை வைத்து எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எக்ஸ் குரோமோசோமில் விசேஷமாக எதுவும் இல்லை. ஆகவே தாய்மாமன் தப்பித்தேன் என்று சொல்லிச் சிரித்தேன்.

அவன் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பிறகு, "மாமா, நான்கு லட்சத்துச் சொச்சம் பேரைப் பற்றிச் சொல்கிறீர்கள். எனக்கு எப்போது தெரிந்தது என்று நீங்கள் இதுவரை கேட்கவே இல்லையே" என்றான்.

கேட்டேன். பள்ளியில் ஹாக்கிப் பயிற்சி முடிந்ததும் கூட இருந்த பையன்கள் பெண்கள் பள்ளி விடும் நேரத்துக்குக் கடிகாரத்தைப் பார்ப்பார்களாம். தனக்கு மட்டும் ஏன் அந்தப் பரபரப்பு இல்லை என்று யோசித்து, தாமதமாக வரும் போலிருக்கிறது என்று காத்திருந்தானாம், மீசைக்குக் காத்திருப்பது மாதிரி. கல்லூரி மூன்றாம் ஆண்டில் அறைத்தோழன் தன் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போன நான்கு நாளும் இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் அவன் செய்த முதல் காரியம் மாலை போட்டது. தொடர்ந்து மூன்று வருடம் சபரிமலை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கணினி படித்தவனுக்கு என்னடா கறுப்பு வேட்டி" என்று கேலி செய்தவன் நான்தான். "மூன்று வருடமும் ஒரே வேண்டுதல்தான் மாமா. நான்காவது வருடம் போகவில்லை" என்றான்.

தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்று அதுவரை நான் சரியாக யோசித்ததில்லை. விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க ஒருவன் மூன்று வருடம் வெறுங்காலோடு மலை ஏறிப் பார்த்திருக்கிறான். தேர்ந்தெடுக்க விரும்பியதைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. எனக்கு எப்போது பெண்களைப் பிடிக்கத் தொடங்கியது, அதை நான் எந்த நாளில் முடிவு செய்தேன் என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. என் மூளையில் முடிச்சின் அளவையும் பார்த்ததில்லை. "அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும்தான் நான் முடிவு செய்தேன். அதற்கு எட்டு ஒன்பது வருடம் பிடித்தது" என்றான். பிறகு, சாதாரணமாகக் கேட்பது மாதிரிக் கேட்டான்: "1993இல் கிடைத்தது 1999இல் இல்லை என்றாகிவிட்டது. மிச்சமும் ஒரு நாள் இல்லை என்று வந்தால், அப்பா சொல்வதுதான் சரி என்று ஆகிவிடுமா?"

ஆகாது என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்தேன். அந்த இரண்டு மூன்று நொடி யோசனையை அவன் கவனித்தான், கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். எனக்கு மறக்காமல் இருப்பது அக்கா சொன்னது ஒன்று, இந்த மூன்று நொடி மற்றொன்று.

அன்று அவன் திருத்திய இன்னொன்றும் உண்டு. நான் பேச்சு முழுக்க "ஓரினச்சேர்க்கை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரிகைகள் பழக்கிய சொல். "சேர்க்கை சரியில்லை என்றுதான் அப்பா சொல்கிறார், நீங்களும் சேர்க்கை என்கிறீர்கள்" என்றான். சட்டென்று உறைத்தது. நம் பெரியவர்கள் பிள்ளை கெட்டுப்போனதற்குச் சொல்லும் முதல் காரணம் சேர்க்கைதானே. அந்தச் சொல்லிலேயே ஒரு செயல் இருக்கிறது, செய்பவன் இருக்கிறான், செய்யாமலும் இருந்திருக்கலாமே என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. சோறு இறங்காத நான்கு நாளுக்கு அதில் இடமில்லை. அடுத்த வருடம், 2022இல், உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதில் "தன்பாலீர்ப்பு" இருந்தது. ஈர்ப்பு என்றால் எனக்கு நியூட்டன்தான் நினைவுக்கு வருவார். ஏன் விழுந்தாய் என்று பழத்தை யாரும் கேட்பதில்லை.

வெங்காயத் தோல்

கல்யாணப் பேச்சு அந்த வீட்டில் ஒரு கட்டத்தில் நின்றுபோனது. நின்றது எப்படி என்று ஒரு தேதி சொல்ல முடியாது. அத்தான் இன்னும் பெங்களூருவைத்தான் குறை சொல்கிறார். ஆனால் அங்கே மழை வெள்ளம் என்று செய்தி வந்தால் முதலில் தொலைபேசியை எடுப்பவரும் அவர்தான். திருமணஞ்சேரிக்கு அக்கா கடைசி வரை போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் அக்கா வீட்டுத் திண்ணையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அண்ணன் தம்பிக் கணக்கு ஒன்று சொன்னாயே, அது இன்னும் அப்படியேதான் இருக்கிறதா?" என்று திடீரென்று கேட்டாள். கணக்குப் போட்ட முறையே சரியில்லை என்று 2023இல் சிலர் எழுதியிருக்கிறார்கள், அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள் என்றேன். "சரி, அவர்கள் எழுதிக்கொண்டே இருக்கட்டும்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே பேசினாள். இரண்டு பையன்கள் போதும் என்று அத்தான் சொன்னாராம். மாமியாரும் அதையே சொன்னாளாம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஆள் சேர்க்கிற நர்ஸம்மா மாதம் இரண்டு முறை வீட்டுப் படி ஏறினாளாம். "நான்தான் இன்னொன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பெண் பிள்ளை வேண்டும் என்று. அந்த வீட்டில் நான் ஒன்றை வேண்டும் என்று கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்."

"பையனாகப் போய்விட்டதே என்று வருத்தமாக இல்லையா?" என்றேன்.

"ஒரு நாள் முழுக்க அழுதேன். மறுநாள் பால் குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தான்" என்றாள். பிறகு, நான் உரித்த வெங்காயத்தில் பாதிக்குத் தோல் அப்படியே இருக்கிறது என்று திட்டிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.